சிங்கப்பூரில் டிம்சம் சாப்பிடப் போகிறோம்: அப்பாவுக்குப் பன்றி ஆகாது, அம்மா சுத்த சைவம். என்ன செய்யலாம்?

கொழிஞ்சை அக்கா

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பா, அம்மா, ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், நான் நாலு பேரும் கோயம்புத்தூரில் ஏறி சிங்கப்பூர் போகிறோம். தம்பி ஜூரோங்கில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் மதியம் டிம் ஹோ வான் என்கிற டிம்சம் கடைக்கு (சின்னச் சின்னக் கூடையிலும் தட்டிலும் வரும் சீனப் பலகாரங்கள்தான் டிம்சம்) கூட்டிப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். சிறந்த உணவகங்களுக்குக் கொடுக்கும் மிஷெலின் ஸ்டாரை ஹாங்காங்கில் வாங்கிய கடையின் கிளையாம், விலையும் ரொம்பக் கடிக்காதாம்.

எனக்குத்தான் யோசனையாக இருக்கிறது. அப்பா தேங்காய் வியாபாரம் செய்தவர். கோழி, மீன், இறால் என்று எதையும் ரசித்துச் சாப்பிடுவார், ஆனால் மாடும் பன்றியும் கிடையாது. அம்மா சுத்த சைவம், முட்டைகூட இல்லை. வெங்காயம் பூண்டு பரவாயில்லை. மகன் கஞ்சிக்கோட்டில் ரோட்டோரம் மோமோ சாப்பிட்டுவிட்டு, டிம்சம் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் கடையின் பன் வீடியோவை வேறு தினமும் பார்க்கிறான்.

போன வருடம் எர்ணாகுளத்தில் ஒரு ரிசப்ஷனில் அம்மாவுக்கு லைம் ஜூஸும் கொஞ்சம் வெள்ளரிக்காயும்தான் கிடைத்தது. அந்த மனுஷி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதும் "நான் தயிர்சாதம் கட்டிக்கிட்டு வந்துடறேன், நீங்க சாப்பிடுங்க" என்கிறார். அப்படி ஒரு மேஜையில் அம்மாவைச் சும்மா உட்கார வைத்துவிட்டு எனக்குத் தொண்டையில் இறங்காது. அந்த மாதிரிக் கடையில் சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன். அம்மாவுக்கு அங்கே என்ன கிடைக்கும்? அப்பா எதைத் தைரியமாகச் சாப்பிடலாம்? ஐந்து பேருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?

வேலந்தாவளம் பந்தி

அக்கா, நான் பக்கத்து ஊர்க்காரன்தானுங்க. இப்போது கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். அதற்கு முன்பு பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலின் சீனச் சமையலறையில் டிம்சம் பிரிவில் இருந்தேன். ஹாங்காங்கிலிருந்து வந்த மாஸ்டர் ஒருவரிடம்தான் அந்த மாவு வேலை முழுவதையும் படித்தேன். தங்கச்சி சிங்கப்பூரில் இருப்பதால் உங்கள் தம்பி சொல்லும் கடையிலும் சாப்பிட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் அம்மா விஷயம். அங்கே அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். பெயரில் காய் இருக்கும், அதை நம்ப முடியாது. முள்ளங்கி கேக் என்று ஒன்று போட்டிருப்பார்கள். வெள்ளை முள்ளங்கியைத் துருவி அரிசி மாவில் கலந்து அவித்து, துண்டு போட்டு, கல்லில் முறுகலாகச் சுடுவது. கேட்டால் நம் அம்மாக்களுக்கென்றே செய்தது போலிருக்கும். உள்ளே காய்ந்த இறாலும் சீனப் பன்றி சாசேஜும் பொடிப்பொடியாக நறுக்கிக் கிடக்கும். டம்ப்ளிங் என்பது மோமோ மாதிரி தோலுக்குள் பூரணம் வைத்து மடிப்பது; பச்சையாகத் தெரிகிற கீரை டம்ப்ளிங்கில் பெரும்பாலும் இறால் இருக்கும். வேகவைத்த கீரைத் தட்டின் மேல் ஆய்ஸ்டர் சாஸ் ஊற்றியிருப்பார்கள், அது சிப்பியில் செய்வது. சூப் என்றால் சிக்கன் பவுடர். சரி, இனிப்பாவது கொடுக்கலாம் என்றால் டார்ட்டில் முட்டை, ஜெல்லியில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்க வாய்ப்பு, எள் ஒட்டிப் பொரிக்கும் உருண்டையின் பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிற வழக்கமும் உண்டு. பரிமாறுகிற பிள்ளையிடம் "வெஜிடேரியனா?" என்று கேட்டால், இறைச்சித் துண்டு இல்லை என்ற எண்ணத்தில் ஆமாம் என்று சொல்லிவிடும். அதன்மேல் குற்றமில்லை, அங்கே சைவம் என்பதன் கணக்கே வேறு.

ஆனால் சிங்கப்பூரில் சீனர்களே நடத்தும் பௌத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. பல இடங்களில் வெங்காயம் பூண்டுகூடப் போடமாட்டார்கள். இதே டம்ப்ளிங், இதே பன், மெலிசான அரிசி மாவுத் தோலில் பூரணம் வைத்துச் சுருட்டும் அரிசிச் சுருள் எல்லாம் காளானும் கேரட்டும் டோஃபுவும் வைத்துக் கிடைக்கும். முட்டை, பால் சேர்க்கிற கடையும் உண்டு, அதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த போலி இறைச்சி சிவந்த பன்றி வறுவல் போல அச்சு அசலாக இருக்கும். அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள், பார்த்த மாத்திரத்தில் எழுந்துவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், ஒரு மதியம் குடும்பத்தோடு அந்த மாதிரி ஒரு சைவக் கடைக்குப் போங்கள். அம்மா தட்டில் இருப்பதும் அப்பா தட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். இன்னொரு மதியம் தம்பி பையனைக் கூட்டிக்கொண்டு டிம் ஹோ வான் போகட்டும். டோபி காட் ஸ்டேஷன் பக்கமுள்ள கிளை என்றால் லிட்டில் இந்தியா அடுத்த ஸ்டேஷன். அந்த நேரத்தில் நீங்களும் அம்மாவும் சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் போய் இலைச் சாப்பாடு சாப்பிடலாம். 1947லிருந்து இருக்கிற கடை.

இப்போது அப்பா. டிம்சம் சமையலறையில் பன்றி இல்லாமல் கை ஓடாது அக்கா. ஷூமாய் என்று மஞ்சள் தோலில் மேலே திறந்து, ஆரஞ்சு நிறத்தில் மீன்முட்டை வைத்து வருமே, அது பன்றியும் இறாலும் சேர்ந்தது. ஹார்காவ் என்கிற இறால் டம்ப்ளிங்கில் இறால் மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பழைய முறைப்படி அதில் வழவழப்புக்காகக் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேரும். எங்கள் மாஸ்டர் அது இல்லாமல் பூரணமே கலக்கமாட்டார். தாமரை இலையில் கட்டி வரும் கோழிச் சோற்றிலும் சாசேஜ் இருக்கலாம். எல்லா மூங்கில் கூடையும் ஒரே ஆவியில் அடுக்கி வேகிறது. அப்பாவுக்குத் தன் தட்டில் இல்லாவிட்டால் போதும் என்றால், இறால் வைத்த அரிசிச் சுருளைக் கேட்டு வாங்குங்கள். கோழிக்கால் கடிக்கிற ஆள் என்றால் அதையும் விடாதீர்கள். பொரித்து, மசாலாத் தண்ணீரில் மெதுவாக வேகவிட்டு, பிறகு கறுப்பு பீன்ஸ் சாஸில் ஆவி காட்டுவார்கள். எலும்பிலிருந்து தானாகக் கழன்று வரும். அந்தச் சமையலறையே வேண்டாம் என்று நினைப்பவர் என்றால், முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) கொடுக்கும் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கும் டிம்சம் கடைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஷூமாய் கோழியில் இருக்கும். மாட்டிறைச்சி உருண்டை மட்டும் மெனுவில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எங்கே போனாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லாதீர்கள். மேஜையில் ஒரு தாள் இருக்கும், டிக் போட்டுக் கொடுப்பது. இப்போது பல இடங்களில் போனில் ஸ்கேன் செய்வது. பசியில் பதினைந்துக்கு டிக் போட்டுவிடுவோம், பத்து நிமிடத்தில் மேஜை நிறைந்துவிடும், பாதி ஆறிப்போகும். டிம்சத்தின் உயிர் தோலில் இருக்கிறது. அந்தத் தோலுக்கு ஆயுசு சில நிமிடம்தான்.

ஹார்காவ் தோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மைதா இல்லை. கோதுமையிலிருந்து பசைச்சத்தை நீக்கிவிட்டு எடுத்த வெறும் ஸ்டார்ச், அதோடு கொஞ்சம் மரவள்ளி ஸ்டார்ச். கொதிக்கிற தண்ணீரை ஒரே ஊற்றாக ஊற்றிக் கிளற வேண்டும். தண்ணீர் கொஞ்சம் ஆறியிருந்தாலும் மாவு சேராது. பிறகு ஈரத்துணி போட்டு மூடி, சின்னச் சின்னதாகக் கிள்ளி எடுப்போம். பூரிக்கட்டை கிடையாது. கூர் இல்லாத அகலமான கத்தி ஒன்று, அதன் வயிற்றுப் பக்கத்தை எண்ணெய்த் துணியில் ஒரு இழுப்பு இழுத்து, மாவின் மேல் படுக்க வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே அரைவட்டமாகத் திருப்ப வேண்டும். கத்தியைத் தூக்கினால் வட்டமான தோல் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு ஓரம் மட்டும் இன்னும் மெலிசாக இருக்கும், மடிப்பு வைக்கிற பக்கம் அது. ஏழு மடிப்பாவது வேண்டும், கை தேர்ந்தவர்கள் பத்துக்கு மேல் வைப்பார்கள். நான் ஆரம்பத்தில் வைத்த தட்டுகளை மாஸ்டர் ஒன்றும் பேசாமல் திரும்பப் பிசையக் கொடுத்துவிடுவார்.

பலத்த ஆவியில் நாலைந்து நிமிடம். ஒரு நிமிடம் கூடினால் தோல் பிளந்துவிடும். வெளியே வந்ததும் உள்ளே இருக்கிற இறாலின் இளஞ்சிவப்பு கண்ணாடி வழியாகத் தெரிவது போலத் தெரியும். குச்சியில் தூக்கும்போது அடித்தாளில் ஒட்டக் கூடாது, கிழியக் கூடாது, கடித்தால் இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். கடை எப்படி என்று இந்த ஒரு கூடையிலேயே தெரிந்துபோகும். ஆறினால் அந்தத் தோல் விறைத்துப்போய் மாவு வாடை வரும். உங்கள் பையன் சாப்பிட்ட மோமோ மைதாத் தோல். சாயங்காலம் முழுக்க ஆவியில் இருந்தாலும் தாங்கும். இது தாங்காது.

அதனால் இரண்டிரண்டு கூடையாகச் சொல்லுங்கள். வந்ததை முடித்துவிட்டு அடுத்தது. கூட்டமான கடையில் அவசரப்படுத்துவது போலத் தோன்றும், கண்டுகொள்ளாதீர்கள். இப்படி ஐந்து பேருக்கு மொத்தம் நாலைந்து வகை முதலில் போதும். பெரும்பாலும் கூடைக்கு மூன்றோ நாலோதான் இருக்கும். பிறகு யாருக்கு எது பிடித்ததோ அதையே இன்னொன்று வாங்குங்கள்.

பையன் கேட்கிற பன்னில் பன்றிதான். அவன் சாப்பிடுவான் என்றால் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள், நன்றாகத்தான் இருக்கும். வழக்கமாக வெள்ளையாக ஆவியில் வேகிற பன்னை டிம் ஹோ வான்காரர்கள் அடுப்பில் சுட்டு, மேலே சர்க்கரைப் பொருக்கு வைத்தார்கள். தட்டுக்கு மூன்று. சூடாகப் பிட்டால் மேல்பொருக்கு நொறுங்கும், உள்ளே இனிப்பும் உப்புமாகப் பூரணம். அந்தக் கடையை 2009இல் ஹாங்காங் மோங் காக்கில் சின்னதாக ஆரம்பித்தவர் மாக் குவாய் பூய். ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் லுங் கிங் ஹீன் உணவகத்தில் டிம்சம் பார்த்தவர். அங்கே செய்ததை நடுத்தெருவில் சாதாரண விலைக்குக் கொடுத்தார், அடுத்து வந்த மிஷெலின் பட்டியலில் ஸ்டார் வந்தது. 2013இல் சிங்கப்பூருக்கு வந்தார்கள். ஸ்டார் ஹாங்காங் கடைக்குக் கொடுத்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்க் கிளைகள் ஒழுங்காக, ஒரே மாதிரி, நம்பிச் சாப்பிடும்படி இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்து ஒரு மணி நேரம் வரிசையில் வயதானவர்களை நிறுத்த வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கம்பம்மெட்டு நர்ஸ்

அக்கா, நான் இங்கே சிங்கப்பூரில்தான் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறேன், ஊர் கம்பம்மெட்டு. அண்ணன் சாப்பாட்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், நான் பில்லைப் பற்றிச் சொல்கிறேன்.

மெனுவில் போட்டிருக்கும் விலை கடைசி விலை இல்லை. முதலில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகை மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. நூறு டாலருக்குச் சாப்பிட்டால் 119.90 கொடுக்க வேண்டும். டீ ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு வைப்பார்கள். சில கடைகளில் உட்கார்ந்ததுமே வேர்க்கடலையும் ஈர டிஷ்யூவும் வைத்துவிடுவார்கள், தொட்டால் அதற்கும் காசு. ஒருமுறை ஒரு கடையில் நாங்கள் கடலையைத் தொடவே இல்லை, ஆனாலும் பில்லில் வந்தது. சொன்னதும் எடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் முதலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

தயிர்சாதம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். வெளிச் சாப்பாட்டைப் பல கடைகளில் அனுமதிக்கமாட்டார்கள், ஹலால் கடைகளில் இதில் ரொம்பக் கண்டிப்பு.

சனி, ஞாயிறு மதியம் வேண்டவே வேண்டாம். வார நாளில் பதினொன்றரைக்கு உள்ளே போய்விடுங்கள், இல்லை இரண்டரைக்கு மேல் போங்கள். தம்பிக்கு ஒரு யோசனை: பையனோடு தனியாகப் போவதாக இருந்தால், ஜாலான் புசாரில் ஸ்வீ சூன் என்று 1962லிருந்து இருக்கிற கடையையும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரம்தான். நைட் டியூட்டி இல்லாத நாட்களில் நாங்கள் கும்பலாகப் போவது அங்கேதான். உப்பிட்ட முட்டைக்கரு பன் சொல்லுங்கள், ஆனால் வந்ததும் கடிக்கக் கூடாது. உள்ளே உருகிய கரு கொதித்துக்கொண்டிருக்கும், சின்னப் பையன் நாக்கைச் சுட்டுக்கொள்வான். முதலில் பிட்டு வைத்து ஆறவிடுங்கள். இதுவும் பன்றி சமைக்கிற கடைதான், அப்பாவுக்கு ஆகாது.

நகரி தறிக்காரர்

தறி உதிரிபாகம் பார்க்க தென்சீனாவில் உள்ள குவாங்சோ பொருட்காட்சிக்குப் போய்வருகிறவன் நான். டிம்சம் அந்தப் பக்கத்துச் சாப்பாடு. அங்கே அதை டீக்குத் துணையாகத்தான் சாப்பிடுகிறார்கள், அதைச் சொல்ல வந்தேன்.

காலை ஏழு மணிக்கே பெரியவர்கள் பேப்பரோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் ஊற்றும் சூடான டீயில் கிண்ணம், குச்சி, கப் எல்லாவற்றையும் அலசி ஒரு பாத்திரத்தில் கொட்டிவிட்டுத்தான் குடிக்க ஆரம்பிப்பார்கள். இரண்டு கூடை, ஒரு பாத்திரம் டீ, இரண்டு மணி நேரம். யாரும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். ஹாங்காங்கில் சிட்டி ஹால் மாக்சிம்ஸ் பேலஸில் இன்னும் தள்ளுவண்டியில் கூடைகளை அடுக்கிக்கொண்டு வருவார்கள், மூடியைத் திறந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் நீங்கள் போகிற மாதிரிக் கடையில் அந்த நிதானம் கிடைக்காது. ஆனாலும் டீயை விட்டுவிடாதீர்கள் அம்மா. பூஅர் என்று கறுப்பாக ஒரு டீ இருக்கும், கொழுப்பான சாப்பாட்டுக்கு அதுதான் தோது. உங்கள் அம்மாவுக்குச் சாமந்திப்பூ டீ சொல்லுங்கள், வெறும் பூவும் வெந்நீரும்தான்.

பெரியவர்கள் கப்பில் முதலில் ஊற்றச் சொல்லிப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். தனக்கு யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்ட வேண்டும், அதுதான் நன்றி. டீப் பாத்திரத்தின் மூடியைச் சாய்த்துத் திறந்து வைத்தால் வெந்நீர் ஊற்ற ஆள் வரும். கத்திக் கூப்பிட வேண்டியதில்லை.

கொழிஞ்சை அக்கா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. முழுவதையும் அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் சமையலறையே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். ஹலால் கடை ஒரு நாள், சைவக் கடை ஒரு நாள் என்று முடிவு செய்திருக்கிறோம். சைவக் கடைக்கு ஐந்து பேரும் போகிறோம். மகனை மட்டும் தம்பி ஸ்வீ சூனுக்கோ டிம் ஹோ வானுக்கோ கூட்டிப் போகட்டும். மேஜையைத் தட்டுவதை அவன் இப்போதே வீட்டில் ஆரம்பித்துவிட்டான்.

அம்மாவுக்கு ஒரு கேள்வி. அரிசிச் சுருள் என்று சொன்னீர்களே, அதை வீட்டிலேயே செய்ய முடியுமா என்கிறார். ஊருக்குப் போகும் முன்பே ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்துவிட்டால் அங்கே போய்த் தயங்கமாட்டேன் என்று சொல்கிறார்.

வேலந்தாவளம் பந்தி

தாராளமாகச் செய்யலாம் அக்கா. அம்மா கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பாலக்காட்டுப் பக்கம் ராமசேரி இட்லிக்குத் துணிமேல் மாவை ஊற்றி ஆவியில் வைக்கிறார்களே, அதே மாதிரிதான் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலும் ஈரத்துணி விரித்து, அரிசி மாவைத் தண்ணீராக ஊற்றி, வெந்ததும் துணியோடு கவிழ்த்து உரித்துச் சுருட்டுகிறார்கள். வீட்டில் துணி வேண்டாம், விளிம்பு உள்ள எவர்சில்வர் தட்டு போதும்.

பச்சரிசியை ஊறவைத்து மையாக அரைத்த மாவு ஒரு டம்ளர் என்றால், இரண்டு மூன்று ஸ்பூன் மரவள்ளி ஸ்டார்ச் சேருங்கள். நம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும், இல்லாவிட்டால் கார்ன்ஃப்ளோர். உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். மோரை விடத் தண்ணியாக இருக்க வேண்டும். கெட்டியாக விட்டால் ஆப்பம் கனத்துக்கு வந்துவிடும், சுருட்ட வராது. மாவு அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். தட்டில் எண்ணெய் தடவி, தட்டின் அடி தெரியாத அளவுக்கு மட்டும் ஊற்றி, நன்றாக ஆவி வரும் பாத்திரத்தில் மூடி இரண்டு மூன்று நிமிடம். நடுவில் குமிழ் எழும்பினால் வெந்துவிட்டது. வெளியே எடுத்து அரை நிமிடம் விடுங்கள், உடனே உரித்தால் பிய்ந்துவிடும்.

உள்ளே வைக்கக் காளானும் கேரட்டும் பொடியாக நறுக்கி, மிளகுத்தூள் போட்டு, தண்ணீர் முழுவதும் வற்றும்வரை வதக்குங்கள். ஈரம் இருந்தால் சுருள் கிழியும். ஒரு ஓரத்தில் வைத்துச் சுருட்டி, மூன்றாக வெட்டி, சோயா சாஸில் கொஞ்சம் சர்க்கரையும் வெந்நீரும் கலந்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மேலே ஊற்றுங்கள். சீனர்கள் ஊற்றுவது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய், வாசம் இன்னும் தூக்கலாக இருக்கும், ஆனால் நம்முடையதும் சேரும். சோயா சாஸ் புட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொன்றாகச் செய்து அம்மாவுக்குச் சுடச்சுடக் கொடுங்கள். எல்லாவற்றையும் செய்து அடுக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.